மோக்ஷமூலர் சரித்திரம்

இருக்கு வேதத்தைச் சாயனாசாரியர் பாஷியத்துடன் முதன்முதல் முழுமையாக அச்சேற்றிய பெருநூலின் முகப்பிலே வடமொழித் தலைப்பொன்று உண்டு. அதிலே பதிப்பாசிரியர் தம்மைச் சார்மணிய தேசத்திற் பிறந்தவரும் கோதீர்த்தத்தில் வசிப்பவருமாகிய மோக்ஷமூல பட்டர் எனக் குறித்துள்ளார். சார்மணியம் என்பது ஜேர்மனி. கோதீர்த்தம் என்பது எருது கடக்குந் துறை என்று பொருள்படும் ஒக்ஸ்போர்ட் நகரம். மோக்ஷமூலர் என்பது மாக்ஸ் முல்லர் என்னும் பெயர் வடமொழியிற் பெற்ற உரு. பட்டர் என்று தம்மை எழுதிக்கொண்ட இவர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பாரத பூமியை மிதித்தவரல்லர்.

இவரை வேதத்தை உலகுக்கு வழங்கிய வள்ளல் என்று புகழ்வாரும் உளர். வேதநெறியை வேரறுக்க வந்த வஞ்சகர் என்று இகழ்வாரும் உளர். இருதிறத்தாருட் பலர் இவர் சரித்திரத்தை நன்கு அறியாதவரே. சமயம் என்பது யாது, அது மக்களுள்ளத்தில் எங்ஙனந் தோன்றிற்று, தன் சமயமல்லாத ஒன்றை ஒருவன் எவ்வாறு கற்றல் வேண்டும் என்னும் வினாக்களைப் பாதிரிமாரின் தருக்கத்தினின்றும் பிரித்து, ஒரு சாத்திரத்துக்குரிய பொருளாக்க முயன்றோருள் இவர் முன்னணியில் நின்றவர். சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவருடைய வரலாற்றை, நிறையுங் குறையும் ஒருங்கு வைத்து, அறிதல் நன்று.

ஜேர்மனி பல சிற்றரசுகளாய்ப் பிரிந்து கிடந்த காலத்திலே, அன்ஹால்ட் நாட்டுத் தலைநகராகிய டெஸ்ஸௌவில், 1823 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6 ஆந் திகதி பிரெடெரிக் மாக்ஸ் முல்லர் பிறந்தார். தந்தையார் வில்ஹெல்ம் முல்லர் அரண்மனை நூலகத்தின் காப்பாளர், பெயர்பெற்ற கவிஞர். அவருடைய பாடல்களுக்கு ஷூபேர்ட் என்பார் இசையமைத்தார். அவை இன்றும் ஐரோப்பாவிற் பாடப்படுகின்றன. மகனுக்கு நான்கு வயது நிரம்புமுன், 1827 ஆம் ஆண்டில், அவர் இறந்தார். தாயார் அடெல்ஹைட் சுருங்கிய வருவாயைக் கொண்டு பெண்ணும் ஆணுமாகிய இரு பிள்ளைகளையும் வளர்த்தார். தாய்வழி முன்னோர் ஒருவரை ஆசிரியர்களாகிய நாம் குறியாது விடுதல் தகாது. அவர் பாசெடோ என்பவர். 1774 ஆம் ஆண்டில் அந்நகரிலேயே ஒரு பாடசாலை நிறுவி, அடித்து உருப்போடச் செய்யும் வழக்கத்தை விலக்கிப் பொருள்களைக் காட்டியும் பேசியும் விளையாட்டோடு சேர்த்தும் கற்பித்தல் வேண்டும் என்று முயன்றவர். சமயபாடமும் ஒரு பிரிவினரின் கொள்கைக்குட் சிறைப்படலாகாது என்பது அவர் கருத்து. அவருடைய கொட்பேரனாரே நம் முல்லர்.

பன்னிரண்டு வயதில் லைப்ஸிக் நகரத்துக்கு அனுப்பப்பட்டு நிக்கலாய் பாடசாலையிற் கற்றார். இசைப்புலவராக வேண்டுமென்னும் அவா இளமையில் இவருக்கிருந்தது; மென்டெல்சோன் என்னும் இசை வல்லுநரே இலத்தீனையும் கிரேக்கத்தையும் விடாது கற்கும்படி அறிவுறுத்தினார் என்ப. 1841 ஆம் ஆண்டில் லைப்ஸிக் சர்வகலாசாலையிற் புகுந்து, ஸ்பினோசா என்னுந் தத்துவஞானியின் நூலை ஆராய்ந்து, 1843 ஆம் ஆண்டிற் பண்டிதப் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. அங்கே புதிதாக வந்திருந்த புரொக்ஹௌஸ் என்னும் ஆசிரியரிடம் வடமொழி தொடங்கினார். பிறர் கல்லாத ஒன்றைக் கற்கவேண்டும் என்னும் இளைஞரின் ஆசையும் அதற்கு ஒரு காரணம் என்று பிற்காலத்தில் தாமே எழுதியுள்ளார். அடுத்த ஆண்டில் இதோபதேசத்தை ஜேர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிட்டு, பெர்லினுக்குச் சென்று, மொழிகளை ஒப்பிட்டாராய்வதில் முதல்வராகிய பொப் என்பாரிடமும், தத்துவஞானி ஷெல்லிங்கிடமும் பாடங் கேட்டார். ஷெல்லிங்கின் பொருட்டு உபநிடதப் பகுதிகள் சிலவற்றை மொழிபெயர்த்தும் கொடுத்தார்.

1845 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்திற் பூர்னூப் என்னும் பேராசிரியரை அடைந்ததுதான் இவர் வாழ்வின் திருப்பம். அக்காலத்தில் ஐரோப்பியர் வடமொழி என்று கற்றவை பெரும்பாலும் நாடகங்களும் நீதிக்கதைகளும் பிற்காலத்து நூல்களுமே. வேதம் கையெழுத்துப் பிரதிகளில் அடங்கிக் கிடந்தது. மூலத்தை மாத்திரம் பதிப்பிப்பது போதாது, உரையோடு கூட்டியே பதிப்பிக்க வேண்டும் என்று பூர்னூப் கூறினார். அவ்வுரையோ பதினான்காம் நூற்றாண்டிலே தென்னாட்டில் விசயநகர அரசின் காலத்தில் வாழ்ந்த சாயனாசாரியர் செய்தது. அதனைப் பெயர்த்தெழுதும் வேலை ஒருவர் ஆயுளை விழுங்கத்தக்கது. முல்லர் அதனை ஏற்றுக்கொண்டார். கையிற் பொருளில்லாமையால், பிறருக்காக ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் கூலி பெற்றே இரவும் பகலும் உழைத்தார்.

அங்கே நிகழ்ந்த ஒரு செய்தி இவருடைய நூல்களெல்லாவற்றினும் பார்க்க நம்மைக் கவர்ந்தது. கவிஞர் ரவீந்திரநாதரின் பாட்டனாராகிய துவாரகநாத தாகூர் அப்பொழுது பாரிஸிற் பெருஞ் செல்வராக வீற்றிருந்தார். பிரான்சிய அரசர் அவர் விருந்துக்கு வந்ததும், வந்த சீமாட்டிகளுக்கெல்லாம் அவர் காசுமீரச் சால்வை போர்த்தியதும் அந்நகரிற் பெரும் பேச்சாயின. இத்தாலிய இசையிலும் அவர் வல்லவர். அவர் பாட முல்லர் பியானோ வாசிப்பார். ஒருநாள் முல்லர், இந்தியப் பாட்டு ஒன்று பாடவேண்டும் என்று கேட்டார். தாகூர் முதலிற் பாரசீகச் சாயலுள்ள ஒன்றைப் பாடினார். இது வேண்டா, இந்திய தேசத்துக்கே உரியது வேண்டும் என்றார் முல்லர். தாகூர் தாமே வாசித்து ஒன்றைப் பாடினார். முல்லரின் செவிக்கு அதில் இனிமையும் புலப்படவில்லை, ஒழுங்கும் புலப்படவில்லை. அதனைச் சொல்லியும் விட்டார். தாகூர் சினந்தார். ஐரோப்பியர் எல்லாரும் ஒரேவகையினர் என்றும், பழகாத ஒன்று முதலிற் சுவை தாராவிடில் முகந் திருப்பிவிடுகின்றனர் என்றும், தமக்கும் இத்தாலிய இசை தொடக்கத்தில் இசையாகவே தோன்றவில்லை, விடாது கேட்டுக் கேட்டே அதன் சுவையை அறிந்தார் என்றும் கூறினார். இசையளவில் நில்லாது, இந்தியருடைய சமயமும் சமயமன்று, கவியும் கவியன்று, தத்துவமும் தத்துவமன்று என்று அவர்கள் சொல்வதும் இவ்வாறே என்று முடித்தார். இருபத்திரண்டு வயதினராகிய முல்லர் இதனை மறந்தாரல்லர். முதுமையில் எழுதிய நினைவு நூலிலே தமக்கு நேர்ந்த இக்கண்டனத்தைத் தாமே விரிவாக எழுதிவைத்தார். பிற சமயத்தைக் கற்பார்க்கு முதற்பாடம் இதுவென்றே நாம் கருதுகின்றோம். அப்பாடத்தை அவர் எவ்வளவு தூரங் கற்றார் என்பது மேலே வருஞ் செய்திகளால் விளங்கும்.

1846 ஆம் ஆண்டிலே, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நூலகத்திலுள்ள பிரதிகளைப் பார்க்கும் பொருட்டு இலண்டனுக்குச் சென்றார். புருசிய ஸ்தானாபதியாகிய புன்சன் பிரபு இவருக்குத் தந்தைபோல் உதவினார். அவரும் வில்சன் பண்டிதரும் முயன்றதனால், 1847 ஆம் ஆண்டிற் கம்பெனியார் அச்சுச் செலவை ஏற்றனர். வாணிகஞ் செய்யவந்து நாட்டைப் பிடித்த கம்பெனியார் வேதத்தை அச்சிடப் பணங் கொடுத்தமை விந்தையே. ஆளப்படுவோரின் நூல்களை அறிதல் ஆள்வோர்க்கு நன்மை தரும் என்பது அவர்கள் கணக்கு. அச்சுவேலை ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலை அச்சுக்கூடத்தில் நடந்தமையால், 1848 ஆம் ஆண்டில் முல்லர் அந்நகரிற் குடியேறினார். இறக்குமளவும் அதுவே அவருக்கு ஊராயிற்று. அதே 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் ஆறுமுகநாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் என்பதை நம்மவர் நினைவுகூர்வர். இருவரும் ஓராண்டு இடைவெளியிற் பிறந்தவர்கள்.

ஏடு பார்த்துப் பதிப்பிக்கும் தொழிலின் அருமை அத்தொழிலை அண்டியிருந்தார்க்கே தெரியும். சாயனருடைய உரைக்குக் கிடைத்த பிரதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. முல்லர் அவற்றைத் தம்முள் ஒத்த பிழைகளைக் கொண்டு குடும்பங் குடும்பமாக வகுத்து, எந்தப் பிரதி எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்று துணிந்து, மூலத்துக்கு அணித்தான பாடத்தைக் கண்டார். பாணினீயத்தினின்றும் நிருத்தத்தினின்றும் பிராமணங்களினின்றும் உரையாசிரியர் இடம் சுட்டாது எடுத்தாண்ட வாக்கியங்களை, அச்சிற் காணாத நூல்களிலே தேடித் தேடிக் குறித்தார். முதற்றொகுதி 1849 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆறாவதும் கடைசியுமாகிய தொகுதி 1874 இல் வெளிவந்தது. இருபத்தைந்து ஆண்டுகள். கம்பெனி ஆட்சி ஒழிந்தபின் இந்திய மந்திரியின் காரியாலயம் செலவைத் தொடர்ந்து கொடுத்தது. 1890 முதல் 1892 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பதிப்புக்குப் பொருளுதவினவர் விசயநகரம் மகாராசா. இவ்வுழைப்பின் பயனைப் பண்டிதர் எவரும் மறுத்தல் அரிது. முல்லருடைய மற்றைக் கொள்கைகள் பல உதிர்ந்தன, இப்பதிப்பு நின்றது.

1860 ஆம் ஆண்டிலே வில்சன் பண்டிதர் காலஞ்சென்றார். அவர் வகித்த வடமொழிப் பேராசிரியர் பதவி, பம்பாய்ப் படையிற் சேவித்த போடன் என்னுந் தளபதியின் மரணசாசனப் பொருளால் ஏற்பட்டது. கிறிஸ்தவ வேதத்தை வடமொழியிற் பெயர்த்து இந்தியரை மதமாற்றுதற்கு உதவுவதே அத்தருமத்தின் நோக்கம் என்று சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பதவிக்கு முல்லரும் மொனியர் வில்லியம்ஸ் என்பவரும் போட்டியிட்டனர். கல்வியில் முல்லரே மிக்கவர் என்று ஐரோப்பியப் பண்டிதர் பலர் சாட்சி கூறினர். ஆனால் தெரிவுசெய்வோர் பண்டிதரல்லர். அச்சர்வகலாசாலையின் பட்டதாரிகள் எல்லாரும் வாக்களிக்கலாம், அவருட் பெருந்தொகையினர் நாட்டுப்புறக் குருமார். பத்திரிகைகளில் விளம்பரங்கள் வெளிவந்தன. வாக்களிப்போர்க்காகத் தனிப் புகைவண்டிகளும் ஓடின. முல்லர் அந்நியர், அவருடைய கிறிஸ்தவ விசுவாசம் தளர்ந்தது, புன்சனின் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்னும் ஐயம் பரவியது. அவரும் தம் வேதப் பதிப்பு மிஷனரிமாருக்குப் பயன்படும் என்று கூறி, மிஷனரிமார் சிலரின் நற்சாட்சிகளையும் காட்டினார். டிசம்பர் 7 ஆந் திகதி எண்ணப்பட்ட வாக்குக்கள் மொனியர் வில்லியம்ஸுக்கு 833, முல்லருக்கு 610. வென்றவர் இயற்றிய வடமொழி அகராதியைப் பண்டிதர்கள் இன்றும் புரட்டுகின்றனர். ஆதலின் பதவி தகுதியற்றவரை அடைந்ததென்று சொல்லல் பொருந்தாது. எனினும் ஒரு சமயத்தின் நூலைக் கற்பிக்கும் பீடம் அச்சமயத்தை அழிக்கும் நோக்கத்தோடு நிறுவப்பட்டதும், அதற்குரியாரை அந்நோக்கங்கொண்டு தெரிந்ததும் அக்காலத்தின் இயல்பைக் காட்டும்.

இத்தோல்வி முல்லரை ஆழமாகப் புண்படுத்தியது. நமக்கு அதனால் விளைந்தது நன்மையே. வடமொழிப் பீடம் கிடையாதவர் பொதுமக்களை நோக்கித் திரும்பினார். 1861 ஆம் ஆண்டிலும் 1863 ஆம் ஆண்டிலும் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனிலே பாஷாசாத்திரத்தைப் பற்றிச் செய்த பிரசங்கங்கள் அவர் பெயரை நாடெங்கும் பரப்பின. 1868 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையார் ஒப்பியல் மொழிநூலுக்கு ஒரு பீடம் ஏற்படுத்தி அவரை இருத்தினர்.

மொழிகளை ஒப்பிட்டவர் சமயங்களை ஒப்பிடலாமோ என்று கேட்டதே அடுத்த படி. 1870 ஆம் ஆண்டில் அதே மண்டபத்திலே சமயசாத்திரத்துக்கு முன்னுரையாக நான்கு பிரசங்கங்கள் செய்தார். 1873 இல் அவை நூலாயின. மொழிகளைப் பற்றிக் கேதே என்னும் ஜேர்மன் கவிஞர் சொன்ன கருத்தை எடுத்து, ஒரு சமயத்தை மாத்திரம் அறிந்தவர் அதனைத்தானும் உள்ளபடி அறிந்தவராகார் என்று அவர் சமயத்துக்குப் பொருத்தினார். அச்சபையில் இதற்கு இருபக்கத்திலும் எதிர்ப்புண்டு. விசுவாசிகள் தம் வேதத்தைப் பிற வேதங்களோடு ஒரே வாங்கில் இருத்துவதைப் பொறார். விசுவாசமில்லாதார் ஒப்பிட்டால் எல்லாம் பொய்யென்று முடியும் என்று மகிழ்வர். முல்லரோ இருவர்க்கும் இசையாது, ஒவ்வொரு சமயத்தையும் அதன் பழைய நூல்களைக்கொண்டு, அந்நூல்களின் மொழியைக் கற்று, அதனைப் பின்பற்றுவோருட் சிறந்தாரை நோக்கி மதிப்பிடல் வேண்டும் என்றார். தன் சமயத்தின் உயர்ந்த பாகத்தை எடுத்துப் பிறர் சமயத்தின் தாழ்ந்த பாகத்தோடு ஒப்பிடும் வழக்கம் அன்று மிகுதியாயிருந்தது. இன்றும் ஒழிந்ததென்று சொல்லுதற்கில்லை. மிஷன் பாடசாலையிற் கற்ற நாம் விவிலியத்தை நாடோறும் ஓதினோம். அதனை நமக்குக் கற்பித்தோருள் ஒருவராவது தேவார ஏட்டைத் திறந்து பார்த்ததை நாம் கண்டதில்லை. நாவலரோ பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவி, அதனை எழுத்தெண்ணிக் கற்றபின்னரே மறுக்கப் புகுந்தார்.

சமயசாத்திரத்துக்கு அக்காலத்தில் ஒக்ஸ்போர்டிற் பீடமில்லை. ஒல்லாந்து தேசத்தில் 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் லெய்டன் சர்வகலாசாலையிலே டீலே என்பார் அப்பாடத்துக்குப் பேராசிரியரானார், பாரிஸும் பின்தொடர்ந்தது.

இனி இவருடைய குறையைக் கூறுவாம். 1873 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, ஸ்டான்லி என்னும் பெருங்குருவின் வேண்டுகோட்படி, வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் மிஷன்களைப் பற்றிப் பேசினார். குருப்பட்டம் பெறாத ஒருவர் அங்கே பேசியது பெரும் பரபரப்பை விளைத்தது. அப்பேச்சிலே பௌத்தம், கிறிஸ்தவம், இசுலாம் என்பன பரப்புஞ் சமயங்கள் என்றும், யூதம், சரத்துஸ்திரம், பிராமணியம் என்பன பரப்பாச் சமயங்கள் என்றும் வகுத்து, பின்னவை உயிரொடுங்கியவை அல்லது ஒடுங்குபவை என்று கூறினார். இந்தியாவில் உத்தியோகம் பார்த்த அல்பிரெட் லயல் என்னும் ஆங்கிலேயரே 1874 ஆம் ஆண்டில் இதனை மறுத்து, தாம் கண்ணாற் கண்ட வரையில் அச்சமயம் உயிரோடு வளர்ந்து மலைக்குடிகளையும் தன்னுட் சேர்த்து வருகின்றது என்று எழுதினார். ஏட்டைக் கற்றவர் சொன்னதினும் ஊரைக் கண்டவர் சொன்னது உண்மையாயிற்று. யாழ்ப்பாணத்திலே சைவபரிபாலன சபை 1888 ஆம் ஆண்டிலே தோன்றியதும் லயல் பக்கத்துச் சாட்சியாம்.

இதனினுங் கடியவை இவருடைய கடிதங்கள். 1868 ஆம் ஆண்டில் அப்பொழுது இந்திய மந்திரியாயிருந்த ஆர்கைல் பிரபுவுக்கு எழுதியதில், இந்தியாவின் பழைய சமயம் அழியும் நிலையிலுள்ளது என்றும், அவ்விடத்திற் கிறிஸ்தவம் புகாவிடில் அது யார் குற்றம் என்றும் எழுதினார். மனைவியாருக்கு எழுதிய மற்றொன்றிலே, வேதமே அச்சமயத்தின் வேராதலின், அவ்வேர் யாதென்று காட்டுவதே மூவாயிரம் ஆண்டுகளாக அதினின்றும் முளைத்தவற்றைக் களைதற்கு வழி என்னுங் கருத்தை வெளியிட்டார். மனைவியார் 1902 ஆம் ஆண்டிற் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டபொழுது இவை உலகறிந்தன. இவற்றை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையன்று. இவற்றை மாத்திரம் எடுத்தோதி இருபத்தைந்து ஆண்டு உழைப்பை வஞ்சகம் என்பதும் நேர்மையன்று. அவருடைய உள்ளத்தில் இரண்டும் ஒருங்கிருந்தன. வேதரிஷிகளின் மீது அவருக்கு மெய்யான அன்புண்டு. புராணமும் ஆகமமும் கோயிலும் திருவிழாவும் அவ்வூற்றினின்றும் வழுவிய சேறு என்னும் எண்ணமும் உண்டு. உருவ வழிபாட்டை வெறுத்த புரொட்டெஸ்தாந்துச் சமயத்தில் வளர்ந்தவர் அதன் கண்ணாடியைக் கழற்றாமலே வேதத்தைப் படித்தார். இராம்மோகன் ராயரையும் கேசவ சந்திர சேனரையும் அவர் விரும்பிக் கொண்டாடியதும் அதனாலேயே.

1876 ஆம் ஆண்டில், ஒக்ஸ்போர்டை விட்டு நீங்க எண்ணிய முல்லரை நிறுத்தும் பொருட்டு, சர்வகலாசாலையார் அவரைப் பிரசங்கக் கடமையினின்றும் விடுவித்து ஒரு பெருந்தொகுப்பை ஒப்புவித்தனர். அதுவே கீழ்த்திசைப் புனித நூல்கள் என்பது. 1879 முதல் 1910 வரை ஐம்பது தொகுதிகள் வெளிவந்தன. கடைசித் தொகுதி அகராதி. இந்து, பௌத்தம், சைனம், சரத்துஸ்திரம், சீனத்துச் சமயங்கள், இசுலாம் என்னும் இவற்றின் நூல்கள் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டன. உபநிடதங்களையும் தம்மபதத்தையும் முல்லரே பெயர்த்தார். இலங்கையில் உத்தியோகஞ் செய்து பாளி கற்ற ரைஸ் டேவிட்ஸ் பௌத்த சூத்திரங்களைப் பெயர்த்தார். அத்தொகுப்பிற் சேர்ந்த சுத்தநிபாதத்தை, அதற்குமுன் 1874 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்திற் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டவர் நம் நாட்டுச் சைவத் தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமி. விவிலியத்தையும் தொகுப்பிற் சேர்க்க முல்லர் விரும்பினார். அதனை மற்றவற்றோடு வரிசையில் வைத்தல் ஆகாதென்னும் எதிர்ப்பினால் அது விடப்பட்டது. ஒப்பிடும் முறை தம் வீட்டு வாயிலில் நின்றுவிட்டது!

நமக்கு அத்தொகுப்பில் வேறொரு குறையும் புலனாகின்றது. ஐம்பது தொகுதிகளுள்ளே தமிழ் நூல் ஒன்றேனும் இல்லை, சைவாகமம் இல்லை. பழமையும் வடமொழியுமே இந்து சமயத்தின் அளவுகோல் என்று கொண்டதன் விளைவு இது. 1899 ஆம் ஆண்டில் அவர் எழுதிய இந்திய தத்துவ நூலும் ஆறு தரிசனங்களைப் பொருளாகக் கொண்டதே. இதிற் கவனிக்கத்தக்கது என்னவெனில், அவர் வாழ்ந்த அந்நகரிலேயே 1884 முதல் தமிழ் கற்பித்து வந்தவர் போப்பையர்; வேதம் அச்சான அதே அச்சுக்கூடத்தினின்றே, முல்லர் இறந்த 1900 ஆம் ஆண்டில், அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அது அத்தொகுப்பைச் சேர்ந்ததன்று. ஓதி உருகும் அடியார் ஒருவரின் பாடல்களைச் சமயத்தின் உயிர்நாடியாகக் கொண்டு கற்கும் வழியைப் போப்பையர் கண்டார். அவ்வழி முல்லருக்குத் திறக்கவில்லை.

சமயத்தின் தோற்றத்தைப் பற்றிய முல்லரின் கொள்கை 1878 ஆம் ஆண்டில் ஹிபேர்ட் தருமப் பிரசங்கங்களில் விரிந்தது. இடம் போதாமையால் ஒவ்வொரு பிரசங்கத்தையும் ஒரே நாளில் இருமுறை செய்தார். ஆதிமனிதர் கல்லையும் கட்டையையும் வணங்கினர், அதுவே சமயத்தின் முதற்படி என்பது 1760 ஆம் ஆண்டில் டி புரொஸ் என்னும் பிரான்சியர் நாட்டிய கொள்கை. முல்லர் அதனை முறித்த விதம் அழகியது. ஆபிரிக்கக் கரையிற் சென்ற போர்த்துக்கேய மாலுமிகள், தாம் தாயத்தும் செபமாலையும் அணிந்தவர்களாதலின், அங்குள்ளார் அணிந்த பொருள்களைக் கண்டு அவற்றுக்குத் தம் மொழியில் அப்பெயரையே இட்டனர். அப்பொருள்களுக்கு அப்பால் அம்மக்கள் எண்ணியது யாதென்று வினவுதற்கு அவர்களுக்கு மொழி தெரியாது. மொழியறியாதார் கண்ட காட்சியே ஒரு சாத்திரத்துக்கு அத்திவாரமாயிற்று என்றார். விக்கிரக வழிபாட்டைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் பலவற்றுக்கும் இவ்விடை போதும். அதனை நமக்காக அவர் சொல்லவில்லை என்பது வேறு.

அவருடைய கொள்கை வருமாறு: மனிதன் எல்லையுள்ளவற்றைக் காணுந்தோறும் அவற்றின் அப்பாலுள்ள எல்லையின்மையின் தாக்கத்தை உணர்கின்றான், வைகறையும் ஆறும் மலையும் வானமும் அவ்வுணர்ச்சியை எழுப்பின, அவற்றுக்கு இட்ட பெயர்களே காலப்போக்கில் தெய்வங்களாயின. வேதப் பாடல்களில் இந்திரனைத் துதிக்குங்கால் இந்திரனே முழுமுதல், வருணனைத் துதிக்குங்கால் வருணனே முழுமுதல் என்று காணப்படுவதை அவர் நுட்பமாகக் கண்டு, பல தெய்வக் கொள்கையும் ஒரு தெய்வக் கொள்கையுமாகாத அந்நிலைக்குப் புதுப்பெயர் தந்தார். இது கற்பார்க்கு இன்றும் உதவுகின்றது. ஆனால் பழங்கதைகளெல்லாம் மொழியின் நோயினால் விளைந்தன, பெரும்பாலானவை சூரியனைப் பற்றியவை என்று அவர் நீட்டிச் சென்றது அளவிறந்தது. டைலர் 1871 ஆம் ஆண்டிலே உயிருண்மைக் கொள்கையால் வேறுவழி காட்டினார். அன்ட்ரூ லாங் என்னும் ஸ்கொத்தியர் பல ஆண்டுகள் முல்லரைத் தாக்கினார். டப்ளின் நகரத்துப் பண்டிதர் ஒருவர், முல்லரின் முறையையே கையாண்டு, மாக்ஸ் முல்லர் என்று ஒருவர் இருந்ததேயில்லை, அவர் ஒரு சூரியக் கதை என்று 1870 ஆம் ஆண்டில் விளையாட்டாக நிறுவிக் காட்டினார். கீழ்நாட்டிற் பிறந்து மேற்றிசைக்குச் சென்றவர் அல்லரோ! சூரியக் கொள்கை அவ்வளவில் ஒளி மழுங்கிற்று.

ஆரியர் என்பது ஓரினத்தின் இரத்தத்தைக் குறிக்கும் சொல் என்று பிறர் கொண்டபொழுது, 1888 ஆம் ஆண்டில் அவர் வன்மையாக மறுத்து, அது மொழியைக் குறிப்பதன்றி மண்டையோட்டையும் மயிரையுங் குறிப்பதன்று என்றார். அச்சொல்லை இரத்தப் பெருமைக்கு ஏற்கெனவே பலர் எடுத்துக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டில் அதனால் அவர் பிறந்த நாட்டில் விளைந்த கொடுமையை உலகறியும். இருக்கு வேதத்துக்குத் தாம் இட்ட கி. மு. 1200 என்னும் காலமும் ஓர் உத்தேசமே என்று பிற்காலத்தில் ஒப்பினார். இன்னும் பாடநூல்கள் சில அதனை முடிந்த முடிபாக எழுதுகின்றன, ஆசிரியர்கள் கவனிக்க.

1888 முதல் 1892 வரை கிளாஸ்கோ நகரத்திற் கிபோர்ட் தருமப் பிரசங்கங்கள் செய்தார். அந்நகரத்துக் குருமன்றத்திலே இவர் கிறிஸ்தவத்தைக் கெடுக்கின்றார் என்று முறைப்பாடு வந்து தள்ளப்பட்டது. கத்தோலிக்க குருவொருவரும் கண்டித்தார். இந்தியாவிலே கிறிஸ்தவத்தின் கையாள் என்றும், ஸ்கொத்லாந்திலே கிறிஸ்தவத்தின் பகைவர் என்றும் ஒருவரே பெயர்பெற்றார்.

முதுமையில் இவருடைய கண் சிறிது அகன்றது என்றே நாம் எண்ணுகின்றோம். 1882 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில், இந்தியாவுக்கு உத்தியோகத்தராகச் செல்லவிருந்த இளைஞர்களுக்கு, அந்நாட்டார் பொய்யர் என்னும் வழக்கத்தை மறுத்து அவரிடங் கற்கவேண்டியவை பல உள என்று பேசினார். பெண்மக்கள் இருவரை இளமையிற் பறிகொடுத்த துயரும் அவர் உள்ளத்தைக் கனிவித்தது. யப்பானிய பிக்குகளாகிய நன்ஜியோவும் கசவராவும் அவரிடம் மாணாக்கராயினர். 1896 ஆம் ஆண்டிலே இராமகிருஷ்ணரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்; அவ்வாண்டு மே மாதத்தில் விவேகானந்தரைத் தம் இல்லத்துக்கு அழைத்து உபசரித்து, இரவில் வழியனுப்பப் புகைவண்டி நிலையத்துக்கும் சென்றார். 1898 இல் அப்பரமஹம்சரின் சரித்திரத்தை நூலாக்கினார். நூலிற் கிடக்கும் ரிஷியை மாத்திரம் மதித்தவர், தம் காலத்தில் வாழ்ந்து காளிகோயிலிற் பூசித்த ஒருவரைப் பற்றி எழுதியது சிறு மாற்றமன்று. அதே ஆண்டிலே, இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறையிலிருந்த திலகரை விடுவிக்கும்படி விண்ணப்பித்தோருள்ளும் இவர் ஒருவர். எனினும் சமயங்களெல்லாம் கிறிஸ்துவின் போதனையிலேயே நிறைவெய்தும் என்னும் எண்ணத்தை அவர் கைவிட்டதற்குச் சான்றில்லை.

1900 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 28 ஆந் திகதி ஒக்ஸ்போர்டிற் காலமானார். ஹோலிவெல் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் தொகுத்து வைத்திருந்த நூல்கள் இந்தியாவுக்கு வரவில்லை, ஜேர்மனிக்கும் செல்லவில்லை. யப்பானியச் செல்வர் ஒருவர் அவற்றை விலைக்கு வாங்கி 1901 ஆம் ஆண்டில் டோக்கியோ சர்வகலாசாலைக்கு அளித்தார். அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் மாணவர்க்குப் பயன்பட்டு, 1923 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1 ஆந் திகதி நிகழ்ந்த பெரும் பூமியதிர்ச்சியோடு மூண்ட தீயில் அந்நூலகத்துடன் அவை எரிந்தன.